தோடு விற்ற வரவு

"அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு, அப்பா!" என்று பெருமூச்சு விடாத தாத்தாவை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தக் காலம் எந்தக் காலம் என்று நெருக்கிக் கேட்டால், பெரும்பாலும் 1930-ஐ அடுத்த சில ஆண்டுகளாகத்தான் இருக்கும். அரிசி மலிவு, எண்ணெய் மலிவு, துணி மலிவு. ஒரு குமாஸ்தா தம் சம்பளத்தில் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றி, மாதக் கடைசியில் பையில் சில்லறையும் வைத்திருந்தார். பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் பொற்காலக் கதை இது. நானும் வெகு காலம் அதை நம்பியே வந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு பழைய கணக்குப் புத்தகம். அதை நான் பார்த்தது வரதராஜன்பேட்டையில்.

ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். ஜயங்கொண்டம், ஆண்டிமடம் எல்லாம் தாண்டிப் போகிற வழி. இரு பக்கமும் செம்மண். கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரி மரங்கள். காவிரியும் கொள்ளிடமும் அதிக தூரத்தில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் இந்த மேட்டுக்கு ஏறாது. வானம் பார்த்த பூமி. இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பகுதி அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா.

கல்யாண வீட்டில் எனக்குத் தங்க இடம் கொடுத்த பெரியவருக்கு எண்பதுக்கு மேல் வயதிருக்கும். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதற்குள் அவருடைய தாத்தா எழுதிய வரவு செலவுக் கணக்கு. பழுப்பேறிய காகிதம், கரையான் ஓரங்களை ருசி பார்த்திருந்தது. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருந்தது. மல்லாட்டை விற்ற வரவு, வரகு விற்ற வரவு, கிஸ்தி கட்டிய செலவு, மாதா கோயில் திருவிழாச் செலவு என்று வரிசையாகப் போகிறது. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர்.

1932-ஆம் வருஷத்துப் பக்கத்தில் பெரியவர் விரலை வைத்தார். வரவுப் பத்தியில் ஒரு வரி: "தோடு விற்ற வகையில் வரவு." நேர் எதிரே செலவுப் பத்தியில்: "கிஸ்தி." இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. அந்தத் தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம்.

"கணக்கு நேராத்தான் இருக்குது தம்பி. எங்க ஆயா காதுதான் மூளியாப் போச்சு" என்றார் பெரியவர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தோட்டை விற்பது வரவா? கணக்குச் சாஸ்திரப்படி வரவுதான். பெட்டிக்குள் பணம் வந்ததே! ஆனால் அந்த வீட்டில் அன்று சேர்ந்தது ஒன்றுமில்லை, போனதுதான் உண்டு. ஊருக்குத் திரும்பியதும் அந்த வருஷங்களின் சரித்திரத்தைப் புரட்டினேன். இந்தியா முழுவதையும் ஆண்ட சர்க்காரே அதே விதமாகக் கணக்கு எழுதியிருந்தது தெரிந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தாத்தா தம் வீட்டுத் தோட்டை விற்றார். சர்க்கார் ஊரார் வீட்டுத் தோடுகளை விற்க வைத்தது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகம் முழுவதும் சரக்கு வாங்குவார் இல்லை. உடையார்பாளையம் தாலுகா எங்கே, நியூயார்க் எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தப் பக்கத்து வேர்க்கடலை கடலூர், புதுச்சேரித் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் புதிய ரயில் பாதையும் வந்தது. மூட்டைகளை ஏற்ற வண்டி வந்து நின்ற சமயத்தில் மூட்டைகளுக்கு விலை இல்லாமல் போயிற்று. கடலை விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. 1929-க்கும் 1933-க்கும் இடையில் நெல் விலையும் ஏறக்குறைய பாதியாயிற்று. பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கித் தஞ்சாவூர் மிராசுதாரையும் தலையில் கைவைக்கச் செய்தது.

விலை பாதியானால் தீர்வையும் பாதியாக வேண்டாமோ? அப்படி ஆகவில்லை. நிலத் தீர்வை முப்பது வருஷத்துக்கு ஒரு முறை நிர்ணயிக்கப்படுவது. நல்ல விலை விற்ற காலத்தில் போட்ட தொகையைப் பணமாகவே கட்டியாக வேண்டும். சர்க்காருக்கு நேரே கட்டும் ரயத்துவாரி ஊரானாலும் சரி, ஜமீனுக்குக் கட்டும் ஊரானாலும் சரி, நேற்று ஒரு மூட்டை விற்றுக் கட்டியவன் இன்று இரண்டு மூட்டை விற்க வேண்டும். வீட்டில் இரண்டாவது மூட்டை இல்லையென்றால்? கடன் வாங்க வேண்டும். கடன் கொடுத்தவரும் நொடித்துப் போயிருந்தால்? அப்போதுதான் வீட்டுக்காரியின் காதைப் பார்க்க வேண்டியதாகிறது.

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் மந்திரிகள் இருந்தார்கள், சட்டசபையும் இருந்தது. ஆனால் அது இரட்டையாட்சிக் காலம். நிலத் தீர்வை, மந்திரிகளின் கைக்கு எட்டாத இலாகா. கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்கள்தாம் அதைப் பார்த்தார்கள். வெகு முறையீட்டுக்குப் பிறகு ஓரளவு தள்ளுபடி வந்தது. ஆனால் வீழ்ந்த விலைக்கும் தள்ளிய தொகைக்கும் வெகு தூரம்.

டில்லியில் என்ன நடந்தது? அங்கே நிதி இலாகாவை வகித்தவர் சர் ஜார்ஜ் ஷூஸ்டர். வியாபாரம் படுத்ததால் சுங்க வரி வருமானம் குறைந்தது. பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. அவர் ஓர் ஒழுங்கான குடும்பத் தலைவர் செய்வதையே செய்தார். செலவைக் குறைத்தார், வரவைக் கூட்ட முயன்றார். 1931 செப்டம்பர் இறுதியில் ஒரு துணை பட்ஜெட் வந்தது. சர்க்கார் சம்பளங்களில் நூற்றுக்குப் பத்து வெட்டு. இலாகா தோறும் ஆட்குறைப்பு. இருந்த வரிகளின் மேல் நாலில் ஒரு பங்கு கூடுதல் வரி. ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தவர்களுக்கு வருமான வரி கிடையாது என்றிருந்தது, 1,000 ரூபாய்க்குக் கீழே என்று ஆயிற்று. அரையணாத் தபால் கார்டு முக்காலணா ஆயிற்று. உப்பையும் விடவில்லை. மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரி, ஒரு ரூபாய் ஒன்பது அணா ஆயிற்று. முந்தின வருஷம்தான் காந்திஜி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்து, உப்பு அள்ளிச் சிறை சென்றிருந்தார்கள்!

மத்திய சட்டசபை இந்த மசோதாவை ஏற்க மறுத்தது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு தம் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்திக் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். கணக்குச் சரியாக வேண்டும். ஜனங்கள் சம்மதித்தால் என்ன, சம்மதிக்காவிட்டால் என்ன?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்து சதவிகித வெட்டு வெள்ளைக்கார கலெக்டருக்கும்தான் விழுந்தது. ஆனால் விலைவாசி பாதியாகியிருக்கும்போது, தொண்ணூறு ரூபாய் பழைய நூறு ரூபாயைவிட அதிகம் வாங்கும். வெட்டுப்பட்டவரும் உண்மையில் கொழுத்தார். வேலை நிலைத்த பட்டணத்துக் குமாஸ்தாவுக்கும் அப்படித்தான். நம் தாத்தாக்கள் சொல்லும் பொற்காலம் இதுதான்! அவர்கள் சொன்னது பொய்யல்ல. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கனம் உண்டு. அது நாணய மாற்றில் ஒளிந்திருந்தது. 1927-ல் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டம் செய்தார்கள். ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ்தான் நியாயம் என்று, கமிஷனில் இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் தனியாகக் கருத்து எழுதினார். இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சீமையில் ஒரு பவுனுக்குக் கடலை விற்றால், நாலு பென்ஸ் விகிதத்தில் இங்கே 15 ரூபாய் வரும். ஆறு பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைசாதான். ஒவ்வொரு பவுனிலும் 1 ரூபாய் 10 அணா 8 பைசா நஷ்டம் யாருக்கு? மல்லாட்டை விளைவித்தவனுக்கு. லாபம்? ஓய்வுச் சம்பளம், வட்டி என்று வருஷந்தோறும் லண்டனுக்குப் பவுனில் கட்ட வேண்டிய சர்க்காருக்கு. அதே கடனைக் குறைந்த ரூபாயில் தீர்த்துவிடலாம் அல்லவா? காந்திஜி 1930 ஜனவரியில் வைத்த பதினோரு கோரிக்கைகளில் இந்த விகிதத்தைக் குறைப்பதும் ஒன்று. நிலத் தீர்வையைப் பாதியாக்குவதும், உப்பு வரியை எடுப்பதும் அவற்றில் இருந்தன. ராணுவச் செலவையும் பெரிய சம்பளங்களையும் பாதியாக்கவும் அவர் கேட்டார். அவரும் சிக்கனத்தைத்தான் கேட்டார். வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதில்தான் தகராறு.

இங்கிலாந்தும் இதே சமயத்தில் சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். கப்பற்படையில் அடிமட்ட மாலுமிகள் சிலருக்கு நாலு ஷில்லிங் தினக்கூலியை மூன்றாக்கினார்கள். 1931 செப்டம்பர் 15-ந் தேதி ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்துவிட்டார்கள். ஆறே நாளில், 21-ந் தேதி, பிரிட்டன் தன் பவுனைத் தங்கத்தின் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. மாலுமிகளுடைய வெட்டும் குறைக்கப்பட்டது. கட்டு அவிழ்ந்த பிறகு பிரிட்டனுக்கு மூச்சு விட முடிந்தது.

ரூபாயின் கட்டு? அது அவிழவில்லை. ரூபாயை அதன் போக்கில் விடலாம் என்று டில்லியில் வைஸ்ராயின் சபையே நினைத்தும், லண்டனில் இந்தியா மந்திரி சாமுவேல் ஹோர் இணங்கவில்லை. அதே ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் விகிதத்தில் ரூபாயைப் பவுனோடு கட்டிப்போட்டார். அந்த முடிச்சு 1966 வரை இருந்தது!

இதற்குப் பிறகுதான் தோடுகளின் யாத்திரை தொடங்கிற்று. பவுன் தங்கத்தை விட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. தோலா 21 ரூபாய்ச் சுமாருக்கு விற்றது 30 ரூபாயைத் தாண்டிற்று. கிஸ்திக்கும் வட்டிக்கும் வழியில்லாத கிராமங்களில் வேறு எதற்கும் விலை இல்லை. தங்கத்துக்கு மட்டும் விலை இருந்தது. தோடும் மூக்குத்தியும் அட்டிகையும் அடகுக் கடைக்கு வந்தன. அங்கே உருகிக் கட்டியாகி, பம்பாய்க்குப் போய், கப்பலேறி லண்டனுக்குப் போயின. பத்தாண்டுக்குள் 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தங்கம் இந்தியாவை விட்டு வெளியேறியது. தடை போடுங்கள் என்று இந்திய வியாபாரிகளும் தலைவர்களும் கேட்டார்கள். சர்க்கார் மறுத்துவிட்டது. ஜனங்கள் நல்ல விலைக்கு விற்று லாபம் பெறுகிறார்கள் என்று நிதி இலாகா சமாதானம் சொன்னது. பிரிட்டிஷ் நிதி மந்திரி நெவில் சேம்பர்லினோ, இந்தியாவில் ஒரு தங்கச் சுரங்கமே அகப்பட்டுவிட்டது என்ற கருத்தில் தம் சகோதரிக்குக் கடிதம் எழுதி மகிழ்ந்தார். அந்தச் சுரங்கம் நம் ஆயாக்களின் காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

லாபத்துக்காகவே தங்கம் விற்ற பணக்காரர்களும் அன்று இருந்திருப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வரதராஜன்பேட்டைக் கணக்கில் தோட்டுக்கு எதிரே எழுதியிருப்பது லாபமல்ல, கிஸ்தி.

காதில் தங்கம் இல்லாதவர்களின் கதை இன்னும் பரிதாபம். திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ பேர் மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள். ரப்பர் விலை விழுந்ததும் கூலியைக் குறைத்தார்கள். பிறகு ஆட்களையே குறைத்தார்கள். 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே அது தோட்ட முதலாளிகளுக்குச் செலவு மிச்சம். இங்கே அவர்கள் வந்து சேர்ந்ததோ, இருப்பவர்களுக்கே வேலை இல்லாத கிராமங்களுக்கு.

சர்க்கார் வேறென்ன செய்திருக்க முடியும் என்று சிலர் கேட்பார்கள். வரவுக்கு மேல் செலவழிக்கும் குடும்பம் உருப்படுமா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழிதானே? வாஸ்தவம். ஆனால் குடும்பச் சிக்கனமும் ராஜ்யத்தின் சிக்கனமும் ஒன்றல்ல. நான் ஒரு வேஷ்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டால் என் பணம் மிச்சம். நெசவாளிக்கு ஒரு வேஷ்டிதான் நஷ்டம். ஊரே தள்ளிப்போட்டு, சர்க்காரும் தன் பங்குக்குத் தள்ளிப்போட்டால், தறி நின்றுவிடும். தறிக்காரன் அரிசி வாங்க மாட்டான். அரிசி விற்காதவன் கிஸ்தி கட்ட மாட்டான். கிஸ்தி வராத சர்க்கார் மறுபடியும் சிக்கனம் பேசும். ஒருவன் செலவுதான் இன்னொருவன் வரவு. இங்கிலாந்தில் இதை அடித்துச் சொன்னவர் கீன்ஸ் என்ற பொருளாதார நிபுணர். இளமையில் லண்டன் இந்தியா ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர் அவர். அவருடைய முதல் புத்தகமே இந்திய நாணயத்தைப் பற்றியதுதான், வெளிவந்தது 1913-ல்.

அந்த வருஷங்களில் நம் மாகாணத்திலேயே எதிர் உதாரணமும் இருந்தது. 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணையை மந்தத்தின் நடுவிலும் கட்டிக்கொண்டே போய், 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். நீலகிரியில் பைகாரா மின்சாரம் 1932-ல் வந்தது. உலகமே முடங்கிக் கிடந்த அந்தப் பத்தாண்டில்தான், அந்த மின்சாரத்தின் தயவில் கோயம்புத்தூரில் ஆலைக்குப் பின் ஆலை எழும்பிற்று. அளந்துதான் போட்டார்கள்; ஆனால் போட்டார்கள். போட்டது பல மடங்காகத் திரும்பி வந்தது.

உடையார்பாளையம் தாலுகாவில் போட இடமில்லையா? கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய பெரிய ஏரி இருக்கிறது. பதினாறு மைல் நீளக் கரை. தலைமுறை தலைமுறையாக உடைந்தும் தூர்ந்தும் கிடந்தது. விலை வீழ்ந்து வேலையற்று நின்ற அத்தனை கைகளில் ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்திருந்தால்? ஏரியும் பிழைத்திருக்கும், தோடுகளும் பிழைத்திருக்கும். ஆனால் அந்த ஊரைப் பொறுத்தவரை சர்க்காரின் சிக்கனம் பழைய கதை. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பிரித்துக் கல் எடுத்துப் போனார்கள். அணைக் கணக்கில் கல்லுக்குச் செலவு மிச்சம். கோயில் கணக்கை எழுத யாரும் இல்லை.

1937-ல் ராஜாஜி பிரதம மந்திரியானார். பொதுப் பணத்தில் காலணா வீணாக விடாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அவரே 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை ஏறியிருந்த வட்டிப் பாக்கி அவ்வளவும் தள்ளுபடி. சிக்கனக்காரருக்கும் இரக்கம் இருக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் சட்டம் கடன் பத்திரத்தைத்தான் திருத்தும். உருகிப்போன தோட்டைத் திருப்பித் தராது.

இன்று வைஸ்ராய் இல்லை. விசேஷ அதிகாரக் கையெழுத்தும் இல்லை. ஆனால் கையிருப்புக் குறைந்தால் வயிற்றைக் கட்டு என்னும் உபதேசம் போகவில்லை. 1953-ல் இலங்கை சர்க்கார் செலவைக் குறைக்க மானியத்தை வெட்டி, பங்கீட்டு அரிசியைப் படி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12-ந் தேதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயகா பதவி விலகினார். வாக்குச் சீட்டு உள்ள நாட்டில் தோடு விற்றவளின் குரல் ஆட்சியாளர் காதில் விழும். 1931-ல் நமக்கு அந்த வசதி இல்லை.

சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் சிக்கனம்தான். சர்க்கார் கணக்கில் துண்டு விழாமல் பார்த்துக்கொள்வதும் நல்ல காரியமே. ஆனால் எந்த நிதி மந்திரியாவது பற்றாக்குறை நீங்கிவிட்டது என்று பெருமையோடு அறிவிக்கும்போது, நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தத் துண்டு மறைந்துவிட்டதா, அல்லது இடம் மாறி யார் வீட்டுக் கணக்கிலாவது விழுந்திருக்கிறதா?

மறுநாள் காலை புறப்படும்போது பெரியவர் தகரப் பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றச் சொன்னார். "ஆயா பிறகு தோடு வாங்கிக்கொண்டார்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா சம்பாதிச்சு வாங்கிக் கொடுத்தாரு. ஆயா போட்டுக்கிடலே. காது தூர்ந்துபோச்சுன்னுட்டாங்க. என் அக்கா கல்யாணத்துக்கு அதைக் கொடுத்துட்டாங்க" என்றார்.

அந்தத் தோடு வாங்கிய செலவும் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.